அக்காவும் எஞ்சின் நிறுத்தாத என் வானும்

1

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வட்டக்கச்சியிலிருந்து எனக்கு ஒரு வீடியோ வரும். அக்காவின் மகள் வதனி கைபேசியை வேலியில் சாத்திவைத்து எடுத்து அனுப்புவாள். வளவுக்குள் மாமரத்தின் கீழ் என் பழைய வான் நிற்கும். வதனி ஏறித் திறப்பைத் திருப்புவாள். எஞ்சின் இருமும், திணறும், பிறகு பிடித்துக்கொள்ளும். பின்பக்கத்தால் கறுத்தப் புகை கிளம்பும். வானுக்குள் குடியேறிவிட்ட கோழி ஒன்று பாய்ந்து வெளியே வரும். ஓடாமல் நிற்கிற வாகனத்தின் பற்றறி செத்துப்போகாமல் இருக்க வாரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்தான்.

இங்கே ஜேர்மனியில் நான் அதைக் குசினி மேசையில் இருந்து பார்ப்பேன். எஞ்சின் பிடித்த சத்தம் கேட்டதும் வீடியோவை நிறுத்திவிடுவேன். கடைசிவரை பார்த்ததில்லை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் நிற்கிற அந்தக் கணம் எனக்கு ஆகாது.

இன்று வந்த வீடியோவின் கீழே வதனி எழுதியிருந்தாள்: "மாமா, மாசியிலை அப்பாவின்ரை திதி. அம்மா நாயாற்றுக்குப் போகவேணுமாம். நீங்கள் வாறியளோ எண்டு கேக்கிறா."

காலையில் வந்தது. இப்போது பின்னேரமாகிவிட்டது. நான் இன்னும் பதில் எழுதவில்லை.

போன மாசியில் அக்காவை அதே வானில் நாயாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் நான் செய்த காரியத்தை என் மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. அக்கா வதனிக்குச் சொன்னாரா என்றும் தெரியாது. உண்மையாகவே அக்காதான் என்னைக் கேட்கிறாரா, அல்லது வதனி மரியாதைக்காகத் தானே எழுதினாளா? அக்கா இனி என்னை நம்பி அந்த வானில் ஏறுவாரா? இந்த வயதில் எனக்கென்று ஊரில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான். அதனால் பயமாக இருக்கிறது. பயத்தை எழுதிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

2

படுக்கையும் அடுப்பும் உள்ள வான் வைத்திருப்பது இங்கே ஓய்வுபெற்றவர்களின் வழக்கம். என் பக்கத்து வீட்டுக்காரர் குளிர் முடிந்ததும் தன்னுடையதை வெளியே எடுத்து, குளிப்பாட்டி, மனைவியையும் நாயையும் ஏற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போய்விடுவார். மனைவி இறந்து, வேலையும் முடிந்து, நான் வருடத்தில் சில மாதம் வன்னியில் இருப்பது என்று தீர்மானித்தபோது, அதுபோல ஒன்றை ஊரில் வாங்கினால் என்ன என்று தோன்றியது. ஊரைச் சுற்றிப் பார்க்கத்தான் என்று எல்லோருக்கும் சொன்னேன்.

வவுனியாவில் வாகனம் திருத்துகிற முஸ்லிம் நானா ஒருவரிடம் அது இருந்தது. யாரோ வெளிநாட்டு இளம் சோடி இலங்கையைச் சுற்ற அமைத்து, பிறகு விற்றுவிட்டுப் போன ஜப்பான் டீசல் வான். சின்னது. கூரையை உயர்த்தியிருந்தார்கள், நான் குனியாமல் நிற்கலாம். மேசையை இறக்கினால் கட்டில். ஒற்றைக் காஸ் அடுப்பு, கையால் அடிக்கிற தண்ணீர்ப் பம்பு, நுளம்புவலை தைத்த திரைச்சீலை. கூரையில் காற்றுக்கு வைத்த மூடி மட்டும் மழைக்குக் கசியும்.

"ஐயா, உடம்பு பழசு, எஞ்சின் நெருப்பு" என்றார் நானா. "ரெண்டு குறை இருக்கு. கைபிரேக் பிடிக்காது, நிப்பாட்டினா சில்லுக்குப் பின்னாலை கட்டை வைக்கோணும். ஸ்ராட்டர் கொஞ்சம் கோவக்காரன், எஞ்சினை நிப்பாட்டினா சிலவேளை திரும்ப எடுக்காது. ரெண்டு நாள் விடுங்கோ, மாத்தித் தாறன்."

"பிறகு பாப்பம்" என்றேன்.

"அப்ப நடுக்காட்டிலை நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்று சிரித்தார்.

அவருக்கு அது பகிடி. எனக்கு அது வேதவாக்கு ஆகிவிட்டது. பிறகு எங்கே போனாலும் நான் எஞ்சினை நிறுத்துவதில்லை. கடைக்குப் போனால் ஓடிக்கொண்டே நிற்கும். தேநீர் குடித்தால் ஓடிக்கொண்டே நிற்கும். யாராவது கேட்டால் ஸ்ராட்டரைச் சொல்லுவேன். ஸ்ராட்டரை மாற்றியிருக்கலாம். நானா பலமுறை தொலைபேசியில் கேட்டார். மாற்றினால் சொல்லுவதற்குக் காரணம் இல்லாமல் போய்விடும் என்பதால் மாற்றவில்லை. இதை முதன்முதலாக இங்கேதான் ஒப்புக்கொள்கிறேன்.

நான் வெளிநாட்டுப் பிரசை. அதனால் வானை அக்காவின் பெயரில் பதிந்தோம். அலுவலகத்தில் இருந்த இளைஞர் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது வானோ, வீடோ?" என்று கேட்டார்.

"ரெண்டுமில்லை. இவனுக்கு வந்த விசர்" என்றார் அக்கா.

"நீங்கள் ஓடுவீங்களோ?"

"எனக்கு இந்த வயசிலை என்னத்துக்கு? இவன் ஓடுவான். நான் குந்தியிருப்பன்."

அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டு அலுவலை முடித்தார்கள். எனக்கு மட்டும் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அவர் என்னிடம் ஏதோ கேட்க, நான் ஜேர்மன் மொழியில் பதில் சொல்லிவிட்டேன். அவர் திகைத்துப்போய் அக்காவைப் பார்த்தார். நாற்பது வருடமாக அதிகாரிகளின் மேசைக்கு முன்னால் எனக்கு வருகிற மொழி அது ஒன்றுதான். அதுவும் தடுமாறித்தான் வரும்.

3

அக்காவின் வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருந்தது. புதிதாகக் கட்டிய வீடு. கட்டிலுக்குப் புதுத் துணி விரித்து, அலுமாரியில் ஒரு தட்டைக் காலியாக்கி வைத்திருந்தார். நான் வளவுக்குள் வானை விட்டு, அதற்குள் படுத்தேன்.

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. கூடப்பிறந்தவளின் வளவுக்கு வந்தவன் அவள் வீட்டுக்குள் படுக்காமல் வாகனத்துக்குள் படுத்தால், ஏதோ மனஸ்தாபம் என்றுதான் சனம் நினைக்கும். வேலிக்கு அப்பால் இருந்து கேட்கவும் கேட்டார்கள்: "என்னக்கா, தம்பி கோவமோ?"

"அவருக்கு ஜேர்மன்காரர் மாதிரிப் படுத்தால்தான் நித்திரை வருமாம்" என்று அக்கா சமாளித்தார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னது வேறு. "இந்தப் பெட்டிக்குள்ளை படுக்கிறதை நாங்கள் ஆசைப்பட்டே செய்தனாங்கள்?"

பெட்டி என்று அவர் சொன்னது ட்ராக்டரின் பின்னால் இழுபடுகிற பெட்டியை. போரின் கடைசிக் காலத்தில் அவரும் அத்தானும் வதனியும் மாதக்கணக்கில் அதில்தான் வாழ்ந்தார்கள். துணுக்காயில் வயல் செய்தவர்கள் அங்கிருந்து கிளம்பி, கிழக்கே கிழக்கே போய், கடலோரத்தில் அத்தானை இழந்தார்கள். அந்த மாதங்களில் ஜேர்மனியில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தால் நான் குளியலறைக்குள் போய்விடுவேன். மனைவிதான் எடுப்பாள். அக்காவுக்கு அது தெரியும். ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

அவர் கேட்கக்கூடும் என்ற பயம்தான் என்னை வானுக்குள் படுக்க வைத்தது. வீட்டுக்குள் அத்தானின் படம் மாலையோடு இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கதைக்க நேரம் இருக்கிறது. கதவு அடைத்தால் எழுந்து போக முடியாது. வானை நான் எப்போதும் முன்பக்கம் வாசற்படலையைப் பார்த்தபடிதான் விடுவேன்.

என் மகள் துளசி ஹம்பேர்க்கில் இருக்கிறாள். தமிழ் பாதி, ஜேர்மன் பாதியாகத்தான் பேசுவாள். ஒருநாள் வீடியோ அழைப்பில் வானின் உட்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, மாமியிட வீட்டிலை ரூம் இருக்குத்தானே. ஏன் காருக்குள்ளை நித்திரை? பயமா?"

"இல்லை, காற்று நல்லது" என்றேன்.

அவள் மேலே கேட்கவில்லை. எங்கள் கதை எப்போதும் அந்த இடத்தில்தான் நின்றுவிடும். அவளுடைய தமிழ் முடிகிற இடமும் என்னுடைய துணிவு முடிகிற இடமும் கிட்டத்தட்ட ஒன்று.

போரைப் பார்த்துப் பயந்தவன் என்று என்னைப் பற்றி யாரும் நினைக்கவேண்டாம். நான் கடவுச்சீட்டோடு, துவைத்த சட்டையோடு, பஸ்ஸில் இருக்கை பிடித்துக் கொழும்புக்குப் போய் விமானம் ஏறினவன். பயம் எனக்கு முன்பே இருந்தது. பிறகு வந்த போர் அதற்கு ஒரு கௌரவமான பெயரைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

4

இனி நாயாற்றுப் பயணம்.

அத்தானின் தங்கை பூமணி நாயாற்றில் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் திதியன்று அக்கா பஸ் மாறி மாறி அங்கே போய், கடலில் பூப்போட்டு, அங்கேயே சமைத்துப் படைத்துவிட்டு வருவார். போன வருடம், "பெட்டி சும்மாதானே நிக்குது, அதிலை போவம்" என்றார். அதோடு ஒரு வேண்டுகோளும் வைத்தார். ஒட்டுசுட்டான் தாண்டிக் காட்டுப் பக்கம் ஒரு பாலைமரத்தடியில் சின்னப் பிள்ளையார் இருக்கிறார். அவருக்குக் கற்பூரம் கொளுத்தவேண்டும்.

"பஸ்ஸும் அதிலை நிக்கும்தானே?" என்றேன்.

"நிக்கும். கண்டக்டர் சில்லறையைப் போட்டிட்டு ஏறிவிடுவான். கற்பூரம் எரிஞ்சு முடியும்வரைக்கும் ஆர் நிக்கிறது? நாங்கள் இடம்பெயர்ந்து போன அண்டைக்கும் அப்பிடித்தான். அத்தான் ட்ராக்டரை நிப்பாட்டிப்போட்டுக் கொளுத்தினவர். மேலை கிபிர் பிளேன் சத்தம் கேட்டது. பாதியிலை விட்டிட்டு ஓடினனாங்கள்." பிறகு, மிகச் சாதாரணமாக: "ஒருக்கா முழுசா எரியவேணும். அவ்வளவுதான்."

வன்னியில் ஓடுகிற வாகனம் எதுவும் வீதியோரப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டாது. முறிகண்டியில் நிறுத்தினோம். அக்கா கும்பிட்டு, வறுத்த கச்சான் கடலை வாங்கிக்கொண்டு வந்தார். நான் இருக்கையை விட்டு இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாங்குளத்தில் கிழக்கே திரும்பினோம். காடு வீதிக்குக் கிட்ட வரத் தொடங்கியது. பழைய கண்ணிவெடிப் பலகை ஒன்று துருப்பிடித்துச் சாய்ந்து கிடந்தது. நான் வீதியின் நடுவால் ஓட்டினேன்.

ஒட்டுசுட்டான் தாண்டியதும் எதிரே மோட்டார் சைக்கிளில் வந்தவர் கையைக் காட்டி வேகத்தைக் குறைத்தார். "ஐயா, அங்காலை ஆனை நிண்டதாம். பாத்துப் போங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"திரும்புவமா அக்கா?"

"ஆனையும் பிள்ளையாரும் ஒரு சாதி. நீ ஓடு."

பாலைமரம் வந்தது. அக்கா செருப்பை வானுக்குள் கழற்றிவிட்டு, தேங்காயும் கற்பூரமும் இருந்த பையோடு இறங்கினார். முதலில் பின்சில்லுக்குக் கட்டை வைத்தார். அந்த வேலையை அவரேதான் செய்வார். பிறகு மரத்தடிக்குப் போனார். நான் கிளச்சில் காலை வைத்துக்கொண்டு இருந்தேன்.

அவர் தேங்காயை உடைத்தார். கற்பூரத்தைக் கல்லில் வைத்து, நெருப்புப்பெட்டியை எடுத்தார். அப்போது காட்டுக்குள் தடி முறிகிற சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு பல. பெரிய உடம்பு ஒன்று பற்றைக்குள்ளால் வருகிற சத்தம்.

"அக்கா!" என்று கூப்பிட்டிருக்கலாம். ஹோன் அடித்திருக்கலாம். கதவைத் திறந்து கையை நீட்டியிருக்கலாம். இவ்வளவும் இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது என் கால் கிளச்சை விட்டது. வான் பாய்ந்தது. பக்கக் கண்ணாடியில் அக்காவின் சேலை தெரிந்தது. பிறகு அது சின்னதானது. பிறகு ஒரு வளைவு வந்து அதையும் மறைத்தது.

ஒரு மதகடியில்தான் நின்றேன். பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். கீழே அவருடைய செருப்புச் சோடி கிடந்தது.

உடனே திரும்பினேன் என்று எழுத ஆசை. திரும்பவில்லை. எஞ்சின் ஓட ஓட அங்கேயே இருந்தேன். கியர் இறுகிவிட்டது, மாற்ற முடியவில்லை என்று எனக்கு நானே சொன்னேன். முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. அது என்னைத் தாண்டிய பிறகு, வானை வெட்டித் திருப்பி, அந்தப் பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன். யானை நின்றால் முதலில் பஸ்ஸில்தான் முட்டும் என்ற கணக்கு. எழுபது தாண்டிய, படித்த மனிதன் போட்ட கணக்கு.

5

யானை இல்லை. மாடுகள். ஒரு பட்டி மாடு வீதியைக் கடந்துகொண்டிருந்தது. மரத்தடியில் அக்கா, மாட்டுக்காரர் ஒருவரோடு கதைத்துக்கொண்டு நின்றார். மலையகத்திலிருந்து அந்தக் காலத்தில் வந்து குடியேறிய குடும்பத்து மனிதர் என்பது பேச்சில் தெரிந்தது.

"ஐயா, ஆனை இல்லைங்க, நம்ம மாடுங்கதான்" என்று சிரித்தார் அவர். "பெரியம்மாவ இங்க நிக்க வச்சிட்டு எங்கங்க போனீங்க? டீசல் அடிக்கவா?"

நான் குனிந்து டீசல் முள்ளைப் பார்த்தேன்.

"ஓம், டீசல் அடிக்கத்தான் போனவன்" என்றார் அக்கா.

வெறுங்காலோடு வெயில் ஏறின தாரில் நடந்து வந்து வானில் ஏறினார். மடியில் சில்லுக்கட்டை இருந்தது. வான் பாய்ந்தபோது அது வீதியிலேயே கிடந்திருக்கிறது.

"கட்டையை விட்டிட்டுப் போயிட்டாய்" என்றார்.

அவ்வளவுதான். குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். கல்லின் மேல் கற்பூரம் கொளுத்தாமல் இருந்ததைப் பார்த்தேன்.

"அக்கா, கற்பூரம்..."

"வரேக்கை பாப்பம். வெய்யில் ஏறுது. ஓடு."

நாயாற்றில் பூமணி மச்சாள் எங்களைக் கண்டதும், "வழியிலை கரைச்சல் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். இப்போது சொல்லப்போகிறார், இந்த வீட்டு முற்றத்தில், அத்தானின் தங்கைக்கு முன்னால் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"மாடுகள் நிண்டது. வேறொண்டும் இல்லை" என்றார் அக்கா.

கடலில் பூப்போட எல்லோரும் போனார்கள். நானும் போனேன், பின்னால். வான் கரையில் ஓடிக்கொண்டே நின்றது.

"இதேன் இப்பிடி உறுமிக்கொண்டு நிக்குது?" என்று மச்சாள் கேட்டார். "நிப்பாட்டினா என்னவாம்?"

"அது நிண்டா இவனுக்கு மூச்சு நிண்டிடும்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடல் பூக்களைக் கொஞ்சத் தூரம் கொண்டுபோய், திரும்பவும் கரைக்கே கொண்டுவந்தது. அக்கா குனிந்து அவற்றைப் பொறுக்கி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மறுபடி போட்டார்.

6

திரும்பி வரும்போது பின்னேரம். பாலைமரம் தெரிந்ததும் அக்கா, "நிப்பாட்டு" என்றார். செருப்பைக் கழற்றினார். இறங்கினார். சில்லுக்குக் கட்டை வைத்தார். பிறகு மரத்தடிக்குப் போகாமல் என் பக்கத்து யன்னலுக்கு வந்தார்.

"இப்ப எஞ்சினை நிப்பாட்டு."

"அக்கா, ஸ்ராட்டர்..."

"நிப்பாட்டு."

"பேந்து எடுக்காட்டி?"

"எடுக்காட்டி பஸ்ஸிலை போவம். இவ்வளவு காலமும் நான் பஸ்ஸிலைதானே போனனான்."

நிறுத்தினேன். அவர் கையை உள்ளே நீட்டினார். "திறப்பைத் தா."

கொடுத்தேன். வான் அவர் பெயரில் இருக்கிறது என்பது அப்போது ஞாபகம் வந்தது.

எஞ்சின் நின்றபின் காடு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. காய்ந்த இலையில் ஏதோ ஊர்ந்தது. எங்கோ ஒரு கொப்பு முறிந்தது. சூடு ஆறுகிற எஞ்சின் டக், டக் என்றது. ஒவ்வொரு சத்தத்துக்கும் என் கை திறப்புத் துளைக்குப் போய், வெறுமையாகத் திரும்பி வந்தது.

அக்கா அவசரப்படவில்லை. காலையில் வைத்த கற்பூரம் காற்றில் சின்னதாகியிருந்தது. அதை எடுத்து எறிந்துவிட்டு, புதிதாக ஒரு பெரிய கட்டி வைத்துக் கொளுத்தினார். திறப்பு ஒரு கையில் இருந்தது. அந்தக் கையோடேயே கும்பிட்டார். ஒருமுறையும் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இறங்கிப்போய் அவருக்குப் பக்கத்தில் நின்றிருக்கலாம். கதவின் பிடியில் கை இருந்தது. இறங்கவில்லை. அதையும் எழுதவேண்டும். நான் செய்தது ஒன்றுதான்: இருந்தேன். போக வழி இல்லாததால் இருந்தேன். காலடியில் அவருடைய செருப்பு இருந்தது. கண்ணை மூடாமல், அந்தச் சுவாலை நீண்டு, குறுகி, நீலமாகி, கல்லில் ஒரு கறுப்பு வட்டத்தை விட்டுவிட்டு அணையும்வரை பார்த்தேன்.

அவர் வந்து, யன்னலுக்குள்ளால் என் நெற்றியில் திருநீறு பூசினார். திறப்பை என் மடியில் போட்டார். கட்டையை எடுத்துக்கொண்டு ஏறினார்.

"இப்ப எடு."

எஞ்சின் இருமியது, திணறியது, பிடித்தது.

"ஒவ்வொரு முறையும் எடுக்குதுதானே" என்றார் அக்கா. கச்சான் பையை என் பக்கம் தள்ளினார். "தின். காலமையிலை இருந்து ஒண்டும் தின்னேல்லை."

வட்டக்கச்சி வரும்வரை கச்சானை உடைத்துத் தின்றுகொண்டே ஓட்டினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அடுத்த கிழமை ஜேர்மனிக்குப் புறப்பட்டுவிட்டேன்.

7

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வெளியே இருட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் வான் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. கீழே தபாற்பெட்டியில் ஏதோ ஓர் அலுவலகக் கடிதம் இருக்கிறது. இரண்டு நாளாக எடுக்கவில்லை. வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன்.

பிறகு வதனி அனுப்பிய வீடியோவை மறுபடி போட்டேன். எஞ்சின் பிடித்தது. புகை வந்தது. கோழி பாய்ந்தது. இந்த முறை நான் நிறுத்தவில்லை.

எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடியது. படத்துக்கு வெளியே இருந்து அக்காவின் குரல் கேட்டது. "காணும், நிப்பாட்டு." எஞ்சின் நின்றது. ஒரு காகம் கத்தியது. யாரோ எங்கோ தண்ணீர் இறைத்தார்கள். அக்கா படத்துக்குள் வந்தார். போன வருடத்தைவிட மெலிந்திருந்தார். யன்னலுக்குள் கையை நீட்டினார். வதனி திறப்பைக் கொடுத்தாள். அவர் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். முடிந்துவிட்டு, வானுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கோழி திரும்பவும் கட்டிலிலை முட்டை போட்டிருக்கடி. இனி அடைகிடக்கும். அவன் வந்தா வீட்டுக்குள்ளைதான் படுக்கவேணும். அந்த அறையை ஒருக்காக் கூட்டிவிடு."

"மாமா வருவாரோ அம்மா?"

"கேட்டுப் பார்."

வீடியோ அதோடு முடிந்தது. முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளின் வீடியோக்களையும் ஒவ்வொன்றாகக் கடைசிவரை போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அக்கா வந்து திறப்பை வாங்கித் தலைப்பில் முடிந்துகொண்டு போகிறார்.

வதனிக்கு எழுதினேன்: "வாறன் எண்டு அம்மாவிட்டைச் சொல்லு. ஸ்ராட்டரை மாத்தச் சொல்லி நானாவிட்டைச் சொல்லப்போறன்."

கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு ஒன்று வந்தது. அக்காதான்.

"மாத்து, மாத்தாமல் விடு. நான் இறங்கேக்கை திறப்பு என்னோடைதான் வரும், சொல்லிப்போட்டன். இந்த முறை நீயும் செருப்பைக் கழட்டிப்போட்டு இறங்கு."